பஜனை கெசட்

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், விஜேந்திரன் ஓய்வு நேரமெல்லாம் தன் ஆம்ப்ளிஃபயரைத்தான் திருத்திக்கொண்டிருப்பான். அன்று, பதுளையில் வாங்கிய புதுக் கப்பாசிட்டர்களைப் பற்றவைத்து முடித்ததும், சத்தம் எப்படி இருக்கிறதென்று பார்க்கப் பதினைந்து வருடத்துக்கு முன் கோயிலில் பதிந்த பஜனை கெசட்டைப் போட்டான்.

ஜால்ராச் சத்தம் இவ்வளவு துல்லியமாக அதில் கேட்டதே இல்லை. அதற்குப் பின்னால் அப்பாவின் குரலும் கேட்டது. அவர் இறந்து நான்கு வருடமாகிறது.

"கொழும்பு ரேடியோ கடையில வேலைக்கு வரச்சொல்லி அவனுக்கு வந்த கடுதாசிய அடுப்புல போட்டுட்டேன். போனா திரும்ப மாட்டான். நீ சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் மாமா."

அது அவன் மனைவி ஜெயலெட்சுமியின் குரல்.

அந்தக் கடிதத்துக்காக அவன் ஒரு வருடம் முழுக்கக் காத்திருந்தான். அப்போதெல்லாம் அவள்தான் ஆறுதல் சொன்னாள்.

அடுப்படியிலிருந்து வந்தவள் வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"உண்மையா ஜெயா?" என்று கேட்டான்.

அவள் மறுக்கவில்லை. "அத யாருங்க பதிஞ்சா? நாங்க ரெண்டு பேரும் கொழுந்து மலையில தனியா நின்னுதானே பேசினோம்."

ஸ்பீக்கரில் பஜனை நின்றது.

"மெதுவா பேசும்மா," என்றார் அப்பா. "அவனுக்குக் கேக்குது."