ராஜாம்பாளின் ஜாடி

தீபாவளிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பலகாரப் பக்குவம் சொல்ல, கயல்விழி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, நம்ம வூட்டுப் பயத்தம் உருண்டையைச் சொல்லுங்க."

பழமலைநாதன், பீங்கான் சூளையில் வேலை பார்த்தபோது வாங்கிய பலகார ஜாடியின் மூடியை அழுத்திப் பிடித்தார். "அந்தப் பக்குவம் இந்த வாசப்படி தாண்டாது. உங்க பெரியம்மா ராஜாம்பாளுக்கே நான் போட்ட கட்டளை."

"பக்குவம் தாண்ட வேணாம், உருண்டை வாய்க்காவது வரட்டும். மூடியைத் தொறங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விறைப்பாக எழுந்து ஜாடியோடு சமையலறைக்குள் போய்விட்டார்.

பெண்ணாடத்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய அவர் தங்கை பாஞ்சாலை பின்னாலேயே போய் ஜாடியைத் திறந்தாள். காலி. அவள் ஆச்சரியப்படவில்லை.

"மானத்தை வாங்கிடாத பாஞ்சாலை. போன வருஷம் ராஜாம்பாள் போன துக்கத்துல யாரும் பலகாரம் கேக்கல. இந்த வருஷம் நானே மூணு தடவை உருண்டை புடிச்சுப் பாத்துட்டேன், அந்த ருசி வரல. யாருக்கும் சொல்லாதேன்னு சொன்ன நானே கேட்டு வச்சுக்கல."

பாஞ்சாலை தன் தூக்குவாளியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து நீட்டினாள். கடித்தார். அதே ருசி.

"உனக்கெப்படி?"

"வறுத்த அரிசி ஒரு கைப்பிடி சேத்து அரைக்கணும், அவ்ளோதான். அண்ணி இருவது வருஷத்துக்கு முந்தியே சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டாங்க."

அவர் வெகுநேரம் மென்றார். பிறகு அவள் கொண்டுவந்த உருண்டைகளால் ஜாடியை நிரப்பி எடுத்துவந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தார். மூடியைப் போடவில்லை.

"எழுதிக்க கயலு, அத்தை சொல்லுவா. மேல ராஜாம்பாள்னு பேரைப் போட்டுட்டு ஆரம்பி."