நடுவில் இருந்த செம்பு

"கண்ணாடியைப் போடுங்க மாமா. இங்க உங்க அதட்டல் செல்லாது."

ஆய்வுக்கூட வாசலில் மருமகள் நீட்டிய பாதுகாப்புக் கண்ணாடியைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டார் பெரியவர். தோளில் துணிப்பை. அதற்குள் அவளுடைய நகைகள் மொத்தமும்.

பேருந்திலேயே சொல்லப் பார்த்தார். 'உன் பொருளைச் சரிபார்த்து வாங்கிக்கொள். பிறந்த வீட்டுக்குப் போ. இனி உனக்கும் எங்களுக்கும் ஒன்றுமில்லை.' மருமகள் சம்பளத்தில் மாமனார் கை நனைக்கிறார் என்று எவனும் வாயில் போட்டு மெல்லுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அவள் எங்கே பேசவிட்டாள்?

அடியில் குழாய் வைத்த கண்ணாடிக் குடுவையைக் காட்டினாள். கீழே ஊதாச் சிவப்பு. மேலே தெளிந்த தண்ணீர்.

"ரத்தத்துக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை குடுக்குதே, அந்த வம்சம் மாமா. பார்ஃபிரின்னு பேரு. அதை வச்சு ரெண்டு வளையம் செஞ்சு, சங்கிலிக் கண்ணி மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணா கோத்திருக்கேன். ஒட்டு கிடையாது, முடிச்சு கிடையாது."

"பின்ன எப்படிக் கோத்த?"

"நடுவுல ஒரு பொட்டுச் செம்பு. ரெண்டையும் இழுத்துப் பிடிச்சுச் சேர்த்து வச்சது அதுதான். இப்பத்தான் அதை எடுத்தேன்."

"எடுத்தா கழண்டுடாதா?" அதட்டலாகத்தான் கேட்க நினைத்தார். குரல் இறங்கிப் போயிருந்தது.

அவள் சிவப்பில் ஒரு சொட்டை எடுத்து எடை காட்டும் கருவிக்குள் விட்டாள். பிரிந்திருந்தால் ஒற்றை வளையத்தின் எடை வரும். இல்லையென்றால், இரண்டும் சேர்ந்த எடை.

எவர் முன்னும் வளையாத முதுகு, அந்தத் திரையின் முன் வளைந்தது.

ஒரே ஒரு கோடு எழுந்தது. நெட்டுக்குத்தாக.

இரண்டும் சேர்ந்த எடை.

கண்ணுக்கே தெரியாத இரண்டு வளையங்கள், நடுவில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல், விட்டும் போகாமல் நின்றன. பெரியவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுப்பில் பாலைப் பொங்கவிடும் இந்தப் பெண்ணா இதைச் செய்தாள்!

துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"வேலையை முடிச்சிட்டு வாம்மா. சேர்ந்தே வீட்டுக்குப் போவோம்."

கதவுவரை போனவர் திரும்பினார். "அந்தச் செம்பு?"

அவள் குடுவையின் மேலடுக்கைக் காட்டினாள். "தண்ணியோட போயிடுச்சு மாமா."

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். போன மாதம் மகனின் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு நிமிர்ந்தபோதும், தண்ணீர் இப்படித்தான், எதுவும் அறியாததுபோல் தெளிந்து கிடந்தது.