பதினைந்து மூட்டை மண்

"பதினஞ்சு மூட்டை. ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் குறையாது."

அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே மகள் சொன்னாள். வீட்டில் அவள் பேசுவதே குறைவு. இயற்பியலில் பட்டம் வாங்கிய பிறகு அதுவும் பாதியாகிவிட்டது. எண்கள் என்றால் மட்டும் வாய் திறக்கும்.

அப்பா ஹால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஜன்னலுக்கு நேர் கீழே, அன்றைக்குத்தான் மேஸ்திரி பூப்பாத்திக்குச் செங்கல் கட்டி முடித்திருந்தார். ஆள் நீட்டிப் படுக்கக்கூட இடம் போதாது.

"இத்தனூண்டு பாத்திக்குப் பதினஞ்சா? பத்து போதும், விஞ்ஞானி."

நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். பெருக்கினால் பன்னிரண்டு கன அடி. ஒரு மூட்டையில் ஒரு கன அடி மண். தண்ணீர் விட்டு மிதித்தால் அமுங்கும், அதற்குக் கால் பங்கு கூடுதல். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

அப்பா பல் டாக்டர். "நான் சொத்தைப் பல்லை ஸ்கேல் வச்சா அடைக்கிறேன்? கண்ணால பார்த்தாலே தெரியும்" என்றார்.

இது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை அப்பாவின் ஆர்மோனியப் பெட்டி காணாமல் போனது.

ஆறு மாதமாக, கிளினிக்கை மூடிவிட்டு வந்ததும் அவர் வாசிக்க உட்கார்ந்துவிடுவார். ஒரே பாட்டு. அதிலும் முதல் இரண்டு வரிதான். மூன்றாவது வரிக்கு விரல் போகாது. எதிர்வீட்டு நாய் கூடவே பாடும். பக்கத்து வீட்டுக்காரர் பல்வலிக்கு வேறு டாக்டரிடம் போக ஆரம்பித்துவிட்டார்.

"டிவி இருக்கு, லேப்டாப் இருக்கு. பெட்டியை மட்டும் தூக்கியிருக்கான். நல்ல ரசிகன்" என்றார் அப்பா.

"செவிடனா இருப்பான்" என்றாள் அம்மா.

வியாழக்கிழமை சாப்பிடும்போது, புதுப்பெட்டி வாங்கப்போவதாக அப்பா அறிவித்தார். பழையதைவிடப் பெரியதாம். தெருமுனை வரைக்கும் கேட்குமாம். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம், அழுகை, பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்ற மிரட்டல் எதற்கும் அவர் மசியவில்லை. மிரட்டலைக் கேட்டதும் கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரிகூட இருந்தது. கடைசியில் அம்மாதான் பந்தயத்தைக் கொண்டுவந்தாள்.

"உங்க பொண்ணு சொன்ன பதினஞ்சு மூட்டையும் சரியாப் போயிட்டா, இனிமே இந்த வீட்டுக்குள்ள பெட்டி வரக்கூடாது. ஒரு மூட்டை மிஞ்சினாலும் நீங்க வாங்கிக்கலாம். நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ வாய் திறக்காம இருப்பேன்னா, அதுக்காகவே வாங்கலாமே" என்று அப்பா ஒத்துக்கொண்டார்.

அப்புறம் மகளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், கணக்கு தப்பாதுதானே என்று அம்மா கேட்டாள். தப்பாது என்றாள் மகள். அவளுக்கும் வேறு வழியில்லை. அடுத்த மாதம் நுழைவுத் தேர்வு. அந்த இரண்டு வரியைக் கேட்டுக்கொண்டு அவளால் ஒரு பக்கம் தாண்ட முடிந்ததில்லை. பெட்டி காணாமல் போன பிறகுதான் புத்தகம் நகர்ந்திருந்தது.

சனிக்கிழமை மாலை மூட்டைகள் வந்து இறங்கின. ஞாயிறு காலையில் அப்பாவும் மகளும் எழுந்து வந்தபோது, அம்மா எட்டு மூட்டையைக் கொட்டி மட்டமாகப் பரப்பிவிட்டு, செங்கல் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இடுப்பு வலின்னு ஒரு குடம் தூக்க மாட்டே. எட்டு மூட்டையா?" என்றார் அப்பா.

"பந்தயம்னு வந்துட்டா வலி எங்க தெரியுது?" என்று அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மீதியை அப்பாவும் மகளும் தண்ணீர் விட்டு மிதித்து மிதித்துக் கொட்டினார்கள். பதிமூன்றாவது மூட்டையிலேயே மண் விளிம்பைத் தொட்டுவிட்டது. மகள் இன்னும் தண்ணீர் விட்டாள். மிதித்தாள். ஏறிக் குதித்தாள்.

"மெதுவாடி" என்றாள் அம்மா.

மண் அதற்கு மேல் இறங்கவில்லை. இரண்டு மூட்டைகள் கட்டுக்கூட அவிழாமல் நின்றன.

அப்பா அதில் ஒன்றின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். முழங்காலின் மேல் விரல்களை ஓடவிட்டு அந்த இரண்டு வரியை வாசித்தார். பிறகு கடைக்காரருக்குப் போன் போட்டபடி உள்ளே போனார். இருப்பதிலேயே பெரியதை எடுத்து வைக்கச் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. எதிர்வீட்டு நாய் என்ன புரிந்ததோ, ஒருமுறை குரைத்தது.

அம்மா பாத்தியை விட்டு நகரவில்லை.

மகள் மிஞ்சிய மூட்டை ஒன்றை வாளியால் அளந்து பார்த்தாள். சரியாக ஒரு கன அடி. உள்ளங்கையில் பேனாவால் பெருக்கிப் பார்த்தாள். அதுவும் சரி. அவள் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.

"ஆழம்தான் எங்கேயோ இடிக்குது. தோண்டி அளந்து காட்டறேன்மா. அப்பா ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

ஓங்கிய மண்வெட்டியை அம்மா பாய்ந்து பிடித்துக்கொண்டாள். ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மகளின் காதருகே குனிந்தாள்.

"உன் கணக்கு சரிதான்டி. அப்பாவோட பெட்டி மண்ணுக்கு அடியில இருக்கு. முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மூட்டை குறைச்சுச் சொல்லியிருப்பே, இல்ல?"