நூற்றறுபது சதுர அடி

வண்டலூர் தனியார் பள்ளி. பிரின்சிபால் அறைக்காக ஒரு மூலையைத் தடுத்துவிட்ட ஐந்தாம் வகுப்பு. ஜன்னல் வெயிலில் அளவு டேப் பளபளக்கிறது. மாணவி இரம் தரையை இரண்டு கட்டமாய்ப் பிரித்து அளந்துவிட்டுக் கத்துகிறாள். "பன்னெண்டு பத்து நூத்தியிருபது, எட்டு அஞ்சு நாப்பது. கூட்டினா நூத்தியறுபது, மிஸ்!" வாசலில் உடைந்த டைல்ஸ் மாற்றும் கிழவன் சவுரிமுத்து சிமெண்ட் பூசும் கரணையை நிறுத்துகிறான். போன வருஷம் சதுர அடிக்கு ஒன்றாய் நூற்றறுபது டைல்ஸ்தான் இங்கே பதித்தான். மிஸ் குரலைத் தாழ்த்துகிறாள். "நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன், கண்ணு. பர்மிஷன் பேப்பர்ல இந்த ரூம் இருநூறுன்னு இருக்கு. அதையே எழுது." "அது தப்பாச்சே மிஸ்?" "வாயாடாத. அழி." ரப்பர் கரகரவென்று தேய்கிறது. இருநூறு என்று எழுதியதும் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் விழுகிறது. வகுப்பே கைதட்டுகிறது. "த்தூ, இதுக்கு இன்னாத்துக்கு டேப்பு?" என்று முனகுகிறான் சவுரிமுத்து. வாயெல்லாம் கசக்கிறது. துப்பப் போனவன், வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து அப்படியே விழுங்குகிறான்.