கட்டிலுக்கடியில் ஒரு குட்டி

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. இரண்டு வயது மகள் கூடத்தில் பொம்மையோடு விளையாடுகிறாள். மகாராணி காலையில்தான் திரும்பியிருக்கிறாள். அவள் நாய்ப் பண்ணைக்காரருக்குச் சொந்தமான நாய். வளர்வது மட்டும் இந்த வீட்டில். குட்டி போடப் பண்ணைக்குப் போவாள், குட்டிகள் விற்றுப் போனதும் வருவாள். இந்த முறை சீக்கிரமே விற்றுவிட்டார்கள், பால் வற்றவில்லை. ஏங்கிப் போவாளே என்று, குட்டிகள் படுத்திருந்த பழந்துணியை மனைவி கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்கடியில் விரித்திருக்கிறாள். அதை முகர்ந்ததிலிருந்து மகாராணி தேடிக்கொண்டே இருக்கிறாள், அலமாரிக்குப் பின்னால், மெத்தை இடுக்கில், செருப்புகளுக்கு நடுவில். போன வழியெல்லாம் தரையில் வெள்ளைச் சொட்டுகள். "அந்தத் துணி வேண்டாம்னு அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே?" என்கிறான் கணவன். "பெத்த வயித்தோட தவிப்பு உங்களுக்கு என்ன தெரியும்? சும்மா இருங்க." "ஆமா, நீதான் அவளுக்குச் சம்பந்தியம்மா!" மனைவி சிரிக்கிறாள். சிரிப்பு அடங்கும்போதுதான் மகாராணியின் நகங்கள் தரையில் உரசும் சத்தம் நின்றுபோயிருப்பது தெரிகிறது. கூடத்தில் பொம்மை மட்டும் கிடக்கிறது. மனைவி ஓடிப் போய்க் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கிறாள். மகாராணி வளைந்து படுத்திருக்கிறாள். அந்த வளைவுக்குள், கவுனின் கழுத்து எச்சிலில் நனைந்திருக்க, மகள் சுருண்டு கிடக்கிறாள். தலைமுடி நக்கி நக்கி ஒரே பக்கமாகப் படிந்திருக்கிறது. "கண்ணம்மா, அம்மாகிட்ட வாடி." கை நீட்டுகிறாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மகாராணி அவளைப் பார்த்து உறுமுகிறாள். குழந்தை கண் திறந்து, யாரோ என்பதுபோல் தாயைப் பார்த்துவிட்டு, அந்த வெதுவெதுப்பான வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது.