வாய்ப்பூட்டு

“அம்மா, ‘அதிகமாச்சு’ன்னு இதுல ஒரு கட்டமே இல்லையே!”

பல் மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடியில், தாடை அறுவைப் பிரிவுக்கு வெளியே, அந்த இளம் டாக்டர் பேனாவைக் காற்றில் நிறுத்திக்கொண்டு விழித்தாள். தாடை உடைந்தவர்களின் வீட்டு நிலவரம் பற்றி அவள் ஆராய்ச்சி செய்கிறாள். அதற்காகத்தான் நோயாளியின் மனைவியைப் போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

‘தாடையைக் கட்டியபின் வீட்டில் பேச்சு எப்படி இருந்தது?’ என்பது முதல் கேள்வி. பதிலுக்கு மூன்று கட்டங்கள்: கொஞ்சம் குறைந்தது, பாதியாகக் குறைந்தது, அடியோடு நின்றது.

“இல்லாட்டி என்ன, நீயே ஒண்ணு வரைஞ்சுக்கோ. உள்ளதைத்தானே சொல்ல முடியும்?” என்றாள் மனைவி.

கணவர் உள்ளே பெரிய டாக்டரிடம் இருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, “கிளட்ச்! பிரேக்! கண்ணு எங்கய்யா இருக்கு?” என்று கத்தியே பழகிய தொண்டை. வீட்டிலும் அவர் கண்ணுக்கு எல்லோருடைய முதுகிலும் ‘எல்’ போர்டு தெரியும்.

“எப்படி விழுந்தாருன்னு ஃபைல்ல சரியா இல்ல. ‘ஏணி’ன்னு மட்டும் போட்டிருக்கு.”

“பெயின்டருக்கு பெயின்ட் அடிக்கக் கத்துக்கொடுக்க ஏறினாரு. பெயின்டர் இறங்கிட்டாரு, இவரு விழுந்துட்டாரு.”

இளம் டாக்டர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு மேல்வரிசைப் பல்லிலும் கீழ்வரிசைப் பல்லிலும் பட்டை வைத்து, இரண்டையும் மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். குழாய் வழியாகத்தான் சாப்பாடு. கையில் ஒரு சின்ன சிலேட்டு. வாராவாரம் செக்கப்புக்கு அவர் தனியாகவே வந்து போனார். ‘பேசாதவனுக்கு எதுக்குத் துணை?’ என்று எழுதிக் காட்டுவாராம்.

“முதல் ரெண்டு நாள் வீடு வெறிச்சோடிக் கிடந்துச்சும்மா. மூணாம் நாள், கல்யாணத்துக்கு முன்னாடி நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்த கதையை ஆரம்பிச்சேன். இருபத்தெட்டு வருஷமா ஆரம்பிச்சுக்கிட்டேதான் இருக்கேன். ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள நடுவுல பூந்து, தன் கதைக்கு கியர் மாத்திடுவாரு. அன்னிக்குத்தான் மூச்சு விடாம சொன்னேன். கொஞ்சம் நிறுத்தினதும் சிலேட்டை எடுத்தாரு. என்ன எழுதினாரு தெரியுமா?”

“என்ன?”

“‘அப்புறம்?’னு எழுதினாரு.” மனைவி இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்துக்கொண்டாள். “என் வாழ்க்கையில என்னை யாரும் கேட்காத கேள்விம்மா அது.”

இளம் டாக்டர் தாளில் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, அதில் டிக் அடித்தாள்.

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. எங்க வீட்டுல அவர் வாயைக் கட்டினப்புறம்தான் நாங்க எல்லாரும் பிழைச்சோம். எங்க பையனையே எடுத்துக்கோ. வேலையை விட்டு நாலு மாசம் ஆச்சு. அப்பாகிட்ட சொல்ல பயம். தினமும் காலையில பையை மாட்டிக்கிட்டு லைப்ரரிக்குப் போயிட்டு வந்துட்டிருந்தான். போன ஞாயித்துக்கிழமை எதிர்ல உட்கார்ந்து கடகடன்னு கொட்டிட்டான். கத்த முடியாதேங்கிற தைரியம்தான், வேறென்ன! இவருக்கு மூஞ்சி செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. சிலேட்டுல என்னமோ எழுதினாரு, அழிச்சாரு. மறுபடி எழுதினாரு, மறுபடி அழிச்சாரு. கடைசியில ‘சாப்பிட்டியா?’ன்னு எழுதிக் காட்டினாரு. அவ்வளவு பெரிய பையன், தேம்பித் தேம்பி அழுதுட்டான்.”

இளம் டாக்டரின் பேனா நின்றது.

“போன ஞாயித்துக்கிழமையா?”

“ஆமா. ஏன் கேக்கறே?”

“ஒண்ணுமில்லம்மா…” என்று அவள் ஃபைலின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தாள்.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“கண்ணு, ஒரு உதவி. பெரிய டாக்டர்கிட்ட சொல்லி, இன்னும் ரெண்டு வாரம் அவிழ்க்காம வைக்க முடியுமா? தப்புதான், ஒத்துக்கறேன். மனுஷன் பாதியா இளைச்சுட்டாரு. ராத்திரி தூக்கம் வராம எனக்கே உறுத்துது. ஆனா என் கதை இப்பத்தான் எக்ஸ்சேஞ்சைத் தாண்டியிருக்கு. இன்னும் கல்யாணத்துக்கே வரலை. அவிழ்த்துட்டீங்கன்னா பழையபடி ‘கிளட்ச், பிரேக்’தான்.”

இளம் டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அறைக் கதவு திறந்தது. கணவர் வெளியே வந்தார். மனைவியைப் பார்த்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மூக்கால் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டினார்.

‘இன்னும் ரெண்டு வாரமாம்.’

“அடப் பாவமே!” என்றாள் மனைவி, முகத்தில் பொங்கிய சந்தோஷத்தைக் கைக்குட்டையால் துடைத்தபடி. “பரவாயில்லைங்க, பொறுத்ததே பொறுத்தோம். போய் மருந்தை வாங்கிட்டு வாங்க. போற வழியில மிச்சத்தைச் சொல்றேன்.”

அவர் சாதுவாகத் தலையாட்டிவிட்டு மருந்து கொடுக்கும் ஜன்னலை நோக்கி நடந்தார்.

இளம் டாக்டர் அவர் முதுகையே பார்த்தாள். பிறகு ஃபைலைப் பார்த்தாள். பெரிய டாக்டரின் கையெழுத்தையும் தேதியையும் விரலால் தொட்டு இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டாள். அப்புறம் தயங்கித் தயங்கி அடுத்த தாளை எடுத்தாள்.

“அம்மா, இதுதான் கடைசிக் கேள்வி” என்றாள். “பல்லு மேல பட்டை மட்டும்தான் இப்ப பாக்கி, கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துப் பதினோரு நாளாச்சு… அதுக்கப்புறம் வீட்டுல அவர் எவ்வளவு பேசறாரு?”