அவர் பக்கத்தில் அம்மா

“இது யாரு பாய்?”

பியூலா கம்ப்யூட்டர் திரையை நகத்தால் தட்டினாள்.

“ஒங்கம்மாதாம்மா” என்றார் காசிம். தாராவியில் பாதிப் பேருடைய கல்யாண பேனரும் சாவு பேனரும் அவர் கடையில் அடித்ததுதான்.

‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற எழுத்துகளுக்குக் கீழே, மைதா மாவில் பிசைந்த மாதிரி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். புடவை அம்மாவுடையது. சிரிப்பும் அம்மாவுடையது. தோல் மட்டும் யாருடையதோ.

“எங்கம்மா கறுப்பு. செத்தவளுக்கு எதுக்குப் பவுடர்? எடுங்க அதை.”

காசிம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மௌஸை நகர்த்தினார்.

அம்மா திரும்பி வந்தாள். ஒரு மாதமாக வீட்டில் இல்லாத நிறத்தில்.

நன்றாகத்தான் இருந்தது, பக்கத்தில் கையை விரித்து நின்ற இயேசுவைப் பார்க்கும்வரை.

பாலாடைக் கன்னம். தேன் நிற முடி. நீலக் கண். அம்மா அவர் வீட்டு வேலைக்கு வந்தவள் மாதிரி நின்றாள். செம்பூர் பில்டிங்குகளில் காலமெல்லாம் பாத்திரம் தேய்த்தவள்தான். அதற்காக, மேலே போயுமா?

“பாய், பெத்லகேம் எங்க இருக்கு? சுவிட்சர்லாந்துலயா?”

“அரே, அரபு நாட்டுப் பக்கம்லா! எங்களுக்கும் அவர் நபிதான். ஆனா நாங்க படமே வைக்கிறதில்ல, தப்பிச்சோம்.”

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும். அவள் பி.ஏ. வரலாறு, குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஞாயிறு பள்ளி நாளிலிருந்து இதே முகத்தைப் பார்த்துத்தான் ஜெபித்தாள். ஒருநாளாவது கேட்டாளா, இவர் எந்த ஊர்க்காரர் என்று?

“இவரைக் கொஞ்சம் வெயில்ல நிறுத்துங்க, பாப்போம்.”

காசிம் நிறத்தை இறக்கினார். கோதுமை. இன்னும் கொஞ்சம். டீ. இன்னும்.

இருவரும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். கண்ணையும் முடியையும் அவள் சொல்லாமலே காசிம் கறுப்பாக்கினார்.

ஓரிடத்தில் அவர் கை தானாக நின்றது.

காலையில் நாக்கா முச்சந்தியில் ரம்பமும் பையுமாகக் கூலிக்கு நிற்பார்களே, அவர்களில் ஒருத்தர் திரையில் நின்றார்.

“இவரை நான் பாத்துருக்கேம்மா.”

“தச்சர்தானே பாய் அவரு” என்றாள் பியூலா. “அடிச்சிருங்க.”

காசிம் அடிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“அம்மாவ வெள்ளையாக்குனது நானா செஞ்சதில்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி அவுகளே இங்க வந்தாக. ‘எம் மவ எனக்கு பேனர் வைப்பா பாய். அவர் பக்கத்துல நிக்கையில நான் கறுப்பாத் தெரியப்படாது’ன்னாக. ஒங்கிட்டச் சொல்லாதன்னும் சொன்னாக.”

வெளியே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பியூலா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தச்சர் கையை விரித்து நின்றார். பக்கத்தில் அம்மா, தன் சொந்தத் தோலில்.

அப்படியே கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

“இப்பக் கறுப்பாத் தெரியலைல்லா, பாய்?”